அத்தையோடு அத்திபெலே வரை

கொரோனா இரண்டாவது முறை பெங்களூரை உலுக்கிய அந்தக் கோடையில், என் மாமியாருக்கு ஓர் ஆக்ஸிஜன் படுக்கை தேடி நானும் என் கணவரும் ஆட்டோவில் அலைந்தோம். ஆம்புலன்ஸுக்கு அடித்த போனை யாரும் எடுக்கவில்லை. எங்கள் சந்தில் இருக்கும் பாய் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "எனக்கும் அவங்க அம்மாதான். ஏறுங்க" என்றார்.

அத்தைக்கு எண்பதைத் தாண்டிய உடம்பு. எங்கள் இருவருக்கும் நடுவில், சாயவும் முடியாமல் குனிந்தே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை ஏறி இறங்கியது.

அத்தை குடியாத்தம் பக்கத்திலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மில்லில் வேலை பார்த்த மாமா, கடைசிப் பிள்ளையான என் கணவர் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்து, மூன்று மகன்களையும் ஒரு மகளையும் அத்தை ஆளாக்கினார். யாருக்கு எங்கே பெண் எடுப்பது, யாரை என்ன படிக்க வைப்பது என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். வேறு சாதிப் பையனைக் கட்டினேன் என்று என் பெற்றோர் கதவைச் சாத்திய அன்று, அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இன்னாத்துக்கு அழுவுற? நான் இல்ல உனக்கு? மொதல்ல சாப்புடு." அதற்கு முன் எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

சிவாஜிநகரில் முதல் ஆஸ்பத்திரியின் கேட் பூட்டியிருந்தது. அடுத்ததில் காவலாளிப் பையன் குறுக்கே நின்றான். அத்தை தலையை நிமிர்த்தி அவனிடம் கன்னடத்தில் பேசினார். "மகா, உசிரு கட்தா இதெ. ஒளகெ பிடப்பா."

மூச்சு முட்டுகிறது, உள்ளே விடப்பா என்றார். அதற்கு முன் அத்தை யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெட் இல்லா அஜ்ஜி" என்றான், தன் பாட்டியிடம் சொல்வதுபோல. கேட்டைத் திறக்கவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஒவ்வோர் இடமாக நிறுத்திக் கேட்டோம். என் கணவர் போனில் யார் யாரையோ "சார், சார்" என்று அழைத்து அழுதார். நான் அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அத்திபெலேயில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் படுக்கை இல்லை, சிலிண்டர் ஒன்று இருந்தது. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்து மாஸ்க்கைப் பொருத்தினார்கள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிழைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் டாக்டர் என் கணவரைத் தனியே அழைத்து, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார்.

அத்தையின் மகள் வீடியோ காலில் வந்து, "அம்மா, அம்மா" என்று கதறினாள். அத்தை மாஸ்க்கை விலக்கினார்.

"அழுவாதடி. நெஞ்சு அடைச்சிக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவன் காலையிலருந்து ஒண்ணும் துன்னல. எதுனா வாங்கிக் குடு."

நான் ரோட்டைத் தாண்டி, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்த கடையில் பன் வாங்கி வந்தேன். திரும்பி வந்தபோது என் கணவர் தரையில் உட்கார்ந்து அத்தையின் மடியில் தலையை வைத்திருந்தார். அத்தையின் தோள்பட்டை அசையவில்லை.

ஒரு விசேஷம் என்றால் வீடு கொள்ளாத கூட்டம் சேரும் குடும்பம் எங்களுடையது. தகனத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் பாயும்தான். ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லி என் கணவர் ஊழியர்களின் காலில் விழுந்தார். காட்டவில்லை. அவர்களுக்கும் அனுமதி இல்லை.

என் கணவரின் அண்ணன்கள் இருவருக்கும் இப்போது பேச்சு இல்லை. "காய்ச்சல் வந்த அன்னிக்கே கூட்டினு போயிருந்தா பொழைச்சிருப்பாங்க" என்று ஒருவர் சொல்ல, "நீ எங்கடா இருந்த?" என்று மற்றவர் கேட்க, அதோடு முறிந்தது. நான் போய்ப் பேசிப் பார்த்தேன், நாத்தனாரும் பேசிப் பார்த்தாள். அத்தை ஒரு அதட்டுப் போட்டிருந்தால் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பார்கள். எங்கள் பேச்சை யார் கேட்கிறார்கள்? பொங்கலுக்கு அவரவர் வீட்டில் அவரவர் சமைத்துக்கொள்கிறோம்.