வலப்பக்கம் போகும் ஊர்

எங்கள் ஊருக்கு முதல் டிராக்டர் வந்த அன்று அப்பா அதன் முன்னால் படுத்தார். நானும் படுத்தேன். நடவு, அறுப்பு என்று பிழைத்த எங்கள் தெரு மொத்தமும் பண்ணை வயலுக்குப் போகும் வண்டிப்பாதையில் வரிசையாகப் படுத்திருந்தது. அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். அதனால் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர்தான் முதல் ஆள். ஏரும் மாடும் மனுசக் கையும் செய்த வேலையை இந்தச் சிவப்பு வண்டி தின்றுவிடும் என்று எல்லாருக்கும் பயம்.

எனக்கு அப்போது பத்தாவது தவறிப்போய், அடுத்து என்ன என்று தெரியாத வயது. வண்டியைக் கொண்டுவந்தவர் எஞ்சினை அணைக்கவில்லை. முதுகுக்குக் கீழே மண் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. மேலே ஒரு நாரைக் கூட்டம் அவசரமில்லாமல் கடந்தது. சுற்றிலும் கோஷம், போலீஸ் விசில். எனக்கோ தூக்கம் வருவது போல இருந்தது. அந்த அதிர்வு என் உடம்புக்குப் பிடித்துவிட்டது என்பதை அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஆளுங்கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடிக்கம்பமும் எங்கள் செங்கொடிக் கம்பமும் அடுத்தடுத்து நின்ற காலம் அது. கூலிக்கும் குத்தகைக்கும் புதுச் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஊரில் ஒரு சண்டை நடந்தது. எங்கள் சண்டை தாசில்தார் ஆபீசில் போய் முடிந்தது. டிராக்டர் உழவுக்கு மட்டும் வரலாம், அறுப்புக்கும் போரடிக்கவும் வரக்கூடாது, ஓட்டுபவன் எங்கள் தெரு ஆளாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னவர் அப்பா. ஆனால் சங்கக் கூட்டத்தில் எல்லாரும் என் பெயரைச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. மகனுக்கு வேலை வாங்கிக்கொண்டான் என்று பேசுவார்கள் என்றார். கை தூக்கி ஓட்டெடுத்ததில் தோற்றுப்போனார்.

அப்படித்தான் நான் பண்ணை டிராக்டரின் டிரைவர் ஆனேன். லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என யாரும் சொல்லவில்லை. வயலுக்குள் ஓடுகிற வண்டிக்கு எதற்கு?

சேறு அடிப்பதைப் போல மனசை எங்கேயோ கொண்டுபோகும் வேலை வேறு இல்லை. தண்ணீர் நிறைத்த வயலில் இரும்புச் சக்கரம் சுற்றிச் சுற்றி வரும். தண்ணீரில் வானம் கிடக்கும். அதைக் கலக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவதற்குள் அது மறுபடி தெளிந்து கிடக்கும். கொக்குகள் பின்னாலேயே நடந்து வரும். சில நேரம் வண்டி நிற்கிறது, வயல்தான் நகர்கிறது என்று தோன்றும். அப்பா மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நான் கிழக்கு வயலில் உழுதால் அவர் மேற்கு வரப்பு வழியாகப் போவார். டீசல் வாடையோடு வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

வருஷங்கள் போயின. மன்னார்குடி அரசு விடுதியில் என்னோடு தங்கிப் படித்த ஒருவன், நாகூர் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன், கிரீஸ் நாட்டுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். விடுப்பில் வந்தவன் என்னைத் தேடி வயலுக்கே வந்துவிட்டான். அவனுடைய கப்பல் என்ஜினியரின் அண்ணனுக்குக் கிரீஸில் நிலம் இருக்கிறதாம். அங்கே இளவட்டங்கள் எல்லாம் பட்டணத்துக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டதால், நெல்லும் டிராக்டரும் தெரிந்த ஆள் தேவையாம்.

"அங்க நெல்லா?" என்றேன்.

"நெல்லுதான். அதுவும் ஆறு போயி கடல்ல விழற எடம். அசப்புல நம்ம பக்கம் மாதிரியே இருக்கும். ஆனா லைசென்ஸோட வரச் சொல்றாரு."

அன்று முழுக்க அந்த ஊரை நான் சேற்றுத் தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு ஆறு, அதற்கு ஒரு கழிமுகம், அங்கேயும் நாற்றின் பச்சை.

மன்னார்குடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் எனக்கு எல்.எல்.ஆர். வாங்கிக் கொடுத்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டிச் சாலைக் குறிகளைச் சொல்லித் தந்தார். மலைச் சரிவு, கல் விழும் இடம், கொண்டை ஊசி வளைவு. மேடு என்றால் ஆற்றங்கரை மட்டுமே தெரிந்தவன் நான். அவற்றையெல்லாம் கதை கேட்பது போலக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவர், டெஸ்டுக்கு வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும், டிராக்டர் லைசென்ஸ் என்றால் தஞ்சாவூருக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

பண்ணையாரிடம் கேட்டேன். நடவு முடியட்டும் என்றார். நடவு முடிந்தபின் வேறொன்றைச் சொல்வார் என்பது எனக்குப் புரிந்தது. லைசென்ஸ் வந்தால் நான் போய்விடுவேன் என்பது அவருக்கும் புரிந்திருந்தது.

அம்மா வழியாக இது அப்பா காதுக்குப் போனது. அவர் மறுநாள் காலையில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு, "வா" என்றார். நேராகப் பண்ணை வீட்டு வாசலுக்குப் போனோம்.

பண்ணையார் உள்ளே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அப்பா அவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். சங்கம் வந்தபின் அந்தச் சொல்லை எங்கள் தெருவே விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. பண்ணையாருக்கும் அதே சங்கடம். 'நீ' என்றால் தப்பாகிவிடும், 'நீங்க' என்று சொல்ல நாக்கு வராது. இரண்டு பேரும் அன்றைக்கு ஒருவரை ஒருவர் எப்படியும் கூப்பிடாமலேயே பேசினார்கள்.

"வந்தது என்ன விஷயமா?"

"வண்டி ஒரு நாளு தஞ்சாவூரு போவணும். பையனுக்கு டெஸ்டு இருக்கு."

"சேறடிக்கிற நேரம். வண்டி போயிட்டா நாத்து முத்திப்போவும்."

"போவாது. அன்னைக்கு எங்க தெருவுலேருந்து ஏரு வரும். பொழுது சாயறதுக்குள்ள அடிச்சு முடிச்சுடுவோம்."

பண்ணையார் பேப்பரை மடித்தார். "இதே வண்டிக்கு முன்னாடி படுத்ததெல்லாம் மறந்துபோச்சு போலருக்கு."

"மறக்கல. அப்ப நிறுத்தணும்னு படுத்தோம். இப்ப ஓட்டணும்னு கேக்க வந்திருக்கேன்."

பிறகு பண்ணையார், இவன் போய்விட்டால் வண்டியை யார் ஓட்டுவது என்றார், காற்றைப் பார்த்துக் கேட்பது போல. ஒப்பந்தப்படி எங்கள் தெரு ஆள்தான் ஓட்டுவான், கிளம்புவதற்கு முன்பு இவனே ஒருவனுக்குப் பழக்கிக் கொடுப்பான் என்று அப்பா சொன்னார். பண்ணையார் என் பக்கம் திரும்பினார்.

"டீசல பாத்து ஊத்திக்க. இருட்டறதுக்குள்ள வண்டி வந்துடணும்."

டெஸ்டு நாளன்று கிழக்கு வெளுக்கும்போது இரும்புச் சக்கரத்தைக் கழற்றி ரப்பர் டயர் மாட்டி, டிரெய்லரையும் பூட்டிக் கிளம்பினேன். எங்கள் தெரு ஏர்கள் பண்ணை வயலில் இறங்கிக்கொண்டிருந்தன. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். தானும் வருவதாகச் சொன்னார். டிரெய்லரில் வைக்கோல் போட்டிருக்கிறது, சௌகரியமாக உட்காருங்கள் என்றேன். அவர் சுற்றி வந்து, சக்கரத்தைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, மட்கார்டில் ஏறி என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பயணம் இப்போதும் எனக்குக் கனவில் வந்த ஒன்று போலத்தான் இருக்கிறது. முந்தின நாள் மழை. சாலைக்கு இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. வயல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. வடுவூர் ஏரிக்கு வந்தபோது மூடுபனி தண்ணீர்மேல் கிடந்தது. பறவைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. எஞ்சின் சத்தத்தில் பேச முடியாது. பேச வேண்டியும் இருக்கவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரோ என்று வேகத்தைக் குறைத்தேன். "போ, போ" என்றார், கண்ணைத் திறக்காமல்.

தஞ்சாவூர் மைதானத்தில் டெஸ்டுக்கு வந்த அதிகாரியை எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். டிரெய்லரோடு பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கை சைகை காட்டச் சொன்னார். வயலில் கொக்குக்கும் நாரைக்கும் சைகை காட்டிப் பழக்கமில்லை. தடுமாறி ஒருவழியாகக் காட்டினேன். பிறகு அப்பாவை மைதானத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, தானே மட்கார்டில் ஏறிக்கொண்டு ஊருக்கு வெளியே போகச் சொன்னார்.

சாலையில் ஒரு வாத்து மந்தை குறுக்கே வந்தது. குறுவை அறுத்த வயலில் மேய விடுவதற்காக ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டியை நிறுத்தினேன். வாத்துகள் வந்துகொண்டே இருந்தன. சாலை முழுவதும் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு வாய்க்கால் ஓடுவது போல இருந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லைசென்ஸ் எடுத்து எங்கே போகப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கிரீஸா? அங்க எல்லாம் ரைட்டுல போவணும், தெரியும்ல?"

எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. உலகம் முழுக்க இடப்பக்கம்தான் போகிறது என்று நினைத்திருந்தேன். கடைசி வாத்து இறங்கிய பிறகும் நான் கியர் போடாமல் இருந்தேன். அவர் தோளைத் தட்டினார். மைதானத்துக்குத் திரும்பியதும் பாஸ் என்றார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் சோத்தாங்கைப் பக்கமா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப எதுத்தாப்புல வர்றவன்?"

"அவனும் அவனுக்குச் சோத்தாங்கைப் பக்கந்தான்."

டீ ஆறும்வரை யோசித்தார். "எல்லாரும் சேந்து மாறுனா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். வீடு போய்ச் சேரும்வரை நான் மனசுக்குள் சாலையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். புளிய மரங்கள், மைல் கல், எதிரே வரும் பஸ் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலப் பக்கம் மாறின.

சொன்னபடி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு வண்டியைப் பழக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். நண்பன் சொன்னது பொய்யில்லை. பெரிய பட்டணத்தை ஒட்டி, ஒரு ஆறு பல கையாகப் பிரிந்து கடலில் விழும் சமவெளி. வசந்தத்தில் வயல்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். ஆனால் நாற்றும் இல்லை, நடவும் இல்லை. விதையை அப்படியே தண்ணீரில் வீசினார்கள். வயலில் ஒரு பெண்குரல் கிடையாது. அந்த அமைதி எனக்குப் பழக வெகுநாள் ஆனது.

என் லைசென்ஸைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அது போதாது, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பதுதான் எடுக்கிறாய், காருக்கும் சேர்த்து எடு என்றார் முதலாளி. அவருடைய மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்சாலைகளில் ஓட்டிப் பழக வைத்தார். நான் அசந்தால் கார் தானாக இடப்பக்கம் நழுவும். அந்த அம்மா என் தோளைத் தொட்டு "தெக்ஸியா" என்பார். வலது என்று அர்த்தம். எனக்கு அது "தெக்கயா?" என்று கேட்பது போலவே இருக்கும். தெற்கா, வடக்கா என்று திசை சொல்லியே வளர்ந்தவன் நான். முதல் நாட்களில், இல்லை, கிழக்கே போகிறோம் என்று தமிழில் பதில்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாது, நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது.

முதல் டெஸ்டில் ஒரு திருப்பத்தில் பழைய பக்கத்துக்கே போய்த் தோற்றேன். இரண்டாவது டெஸ்டு நடந்த அன்று மழை தூறியது. வண்டிகள் எல்லாம் மெதுவாக நகர்ந்தன. என் கைகள் என்னைக் கேட்காமலே வலப்பக்கம் போயின. அதிகாரி கையெழுத்துப் போட்டார். முதலாளியின் மனைவி என் கன்னத்தில் முத்தமிட்டபோது எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஊருக்குப் போய்வந்தேன். கல்யாணம் ஆயிற்று. ஒரு வைகாசியில் என் மனைவி விமானத்தில் வந்தாள். முதலாளியின் காரை வாங்கிக்கொண்டு நானே போய் அழைத்து வந்தேன். பட்டணத்தைத் தாண்டுவதற்குள் அவள் கதவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் விழித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிதானமாக இறக்கி ஏற்றினேன். பட்டணம் மறைந்து திறந்த வெளி வந்தது. அப்போதுதான் விதைத்த வயல்களில் தண்ணீர் நிறைந்து, சாயங்கால வெளிச்சம் அதன்மேல் படுத்திருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்ற நினைவு இன்னும் வரவில்லை. கண்ணாடி வழியாக வயலைப் பார்த்தாள்.

"ஊரு வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சு" என்றேன்.