காம்பஸுக்கு ஒரு சாண் தள்ளி

இஞ்சின்காரர் தீவுக்குப் போய்வரும் பயணிகள் படகில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். காலையில் படகில் இறங்கினால் முதல் அரைமணி நேரம் யாரோடும் பேச்சில்லை. டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால், தெளியும்வரை வடிப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவுவார். இஞ்சின் கிளம்பியதும் பக்கவாட்டுக் குழாயில் குளிர்நீர் கொட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். கொட்டிய பிறகுதான் மனிதர்களுக்கு வணக்கம்.

“படகுல ஒரு சொட்டு ஒழுகினா மனுஷன் ஓடுவாரு. வீட்டுக் குழாய் ஒழுகி ஒரு வருஷமாச்சு. வாளி வெச்சு வெச்சே நான் கிழவியாயிட்டேன்” என்பாள் மனைவி.

“உன் குழாய் ஒழுகினா வீடு முழுகாதுடி.”

அதே படகை ஓட்டியவர் அவளுடைய அண்ணன். மேலே சுக்கானில் மச்சான், கீழே இஞ்சினில் மாப்பிள்ளை. நடுவில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகத்தான் இருவரும் இருபது வருடம் பேசிக்கொண்டார்கள்.

“என்ன மாப்பிள்ளை, இஞ்சின் இன்னைக்கு முணுமுணுக்குது?”

“உங்க தங்கச்சிகிட்டப் பழகிருக்கும் மச்சான். வளர்ப்பு அப்படி.”

மச்சான் கறாரான ஆள். மிதவைச் சட்டையின் பட்டையை எல்லோரும் இழுத்துக் கட்டாமல் கயிற்றை அவிழ்க்கமாட்டார். “சாகறது உங்க இஷ்டம். என் படகுல வேண்டாம்” என்று பயணிகளிடம் முகத்துக்கு நேரே சொல்வார். அந்தக் கறார்தான் மூன்று வருடத்துக்கு முன்பு பதினான்கு பேரைக் காப்பாற்றியது.

அன்றைக்குக் கிளம்பும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது. பாதி வழியில் பனி இறங்கியது. படகின் முனைகூடத் தெரியவில்லை. மச்சான் வேகத்தைக் குறைத்து, காம்பஸையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து ஓட்டினார். இந்தத் திசையில் இந்த வேகத்தில் பன்னிரண்டு நிமிடம் போனால் சிவப்பு மிதவை வர வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று, பதினைந்தும் ஆயிற்று. வந்தது பாறை. படகு சாய்ந்து எல்லோரும் தண்ணீரில் மிதந்தார்கள், எல்லோரும் கரை சேர்ந்தார்கள். ஒரு அம்மாவுக்கு மட்டும் இடுப்பு முறிந்தது. இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.

விசாரணை அதிகாரிகள் காம்பஸைக் கழற்றிக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். காம்பஸில் குறையில்லை என்று வந்தது. குறை யாரிடம் என்பதை அவர்கள் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. மச்சானின் லைசென்ஸ் போயிற்று.

அதன்பிறகு அவர் வீட்டில் இருந்தார். அவர் மனைவி தையல் வேலை செய்பவள். அவள் தைத்த ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தார். யார் வந்தாலும், துணி வெட்டும் மேஜையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு விளக்குவார். “இது நம்ம பாதை. இங்கதான் நீரோட்டம் மாறியிருக்கு. மாறும்னு யாருக்குத் தெரியும்?” என்று முடிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அந்த நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிமிர்ந்து நடந்தார். லைசென்ஸைத் திரும்பக் கேட்டு இரண்டு மனு போட்டும் தள்ளுபடி. மூன்றாவது மனுவோடு சரி, அதற்கு மேல் கேட்க வழியில்லை. அதை இந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

அதிகாரிகள் திருப்பிக் கொடுத்த காம்பஸைக் கண்ணில் காட்டாதே என்று மச்சான் சொல்லிவிட்டதால், அது இஞ்சின்காரர் வீட்டு அலமாரியில் கிடந்தது. போன மாதம் மனைவி தூசி தட்டும்போது இஞ்சின்காரர் படகுக்கு எடுத்துப்போகும் சின்ன ரேடியோவை அதன் பக்கத்தில் வைத்துவிட்டாள். சட்டையை எடுக்கப் போனவர் காம்பஸைப் பார்த்தார். வாசல் பக்கம் காட்ட வேண்டிய வடக்கு, சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. ரேடியோவை எடுத்தார், திரும்பியது. வைத்தார், சாய்ந்தது. சட்டை போடாமல் நாலைந்து முறை செய்து பார்த்தார். ரேடியோவின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது; ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது காந்தம்தான்.

பனி விழுந்த அன்று கிளம்பும்போதே இஞ்சின் அறை மூடியில் நீர் சொட்டியது. ரேடியோ நனையுமே என்று ஓட்டை வழியாகக் கையை நீட்டி, மேலே காம்பஸ் இருந்த தட்டுப்பலகையில் வைத்தவர் அவர்தான். படகு மோதியதும் இஞ்சினை நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தோடு, கீழே விழுந்து கிடந்த அதையும் பைக்குள் போட்டுக்கொண்டவரும் அவர்தான்.

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மனைவியே பிடுங்கினாள்.

“ரேடியோவைப் பார்த்தாலே பேயைப் பார்த்த மாதிரி இருக்கீங்க. என்னன்னு சொல்லுங்க.”

சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நாளைக்கே போய் அண்ணன்கிட்டச் சொல்லுங்க. நான் வெச்சது, தப்பு என்னோடதுன்னு எழுதிக் கொடுங்க. அவருக்கு லைசென்ஸ் கிடைக்கும்” என்றாள்.

“என் வேலை போகும்.”

“போகட்டும். அண்ணன் இப்படி ஊசியும் நூலுமா உக்காந்திருக்கறதை என்னால பார்க்க முடியலை.”

மறுநாள், வியாழக்கிழமை காலை, காம்பஸையும் ரேடியோவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். வெட்டு மேஜையில் காம்பஸை வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மச்சானின் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். “மூணு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களா? நல்லா இருக்கு.”

“எனக்கே போன மாசம்தான் தெரியும்க்கா.”

“நீ சும்மா இரு” என்று மனைவியை அடக்கினார் மச்சான். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ வெளிச்சம்கூட வந்தது. “தட்டுல எங்க வெச்ச மாப்பிள்ளை?”

“இந்த ஓரத்துல. ஓட்டையிலிருந்து கை எட்டினது அவ்வளவுதான்.”

மச்சான் சாணால் அளந்தார். மூன்று சாண். அந்தத் தூரத்தில் ரேடியோவை வைத்தார். முள் லேசாக அசைந்து, ஒரு மயிரளவு நகர்ந்து நின்றது. மூவரும் பார்த்தார்கள்.

“இதுக்குப் பாறை வராதே” என்றார் மச்சான்.

அவர் கை மேஜைமேல் தானாக நகர்ந்தது. ரேடியோவை விரலால் மெல்லத் தள்ளினார். இரண்டு சாண். ஒரு சாண். முள் கிறுகிறுவென்று திரும்பி, வேறு எங்கோ போய் நின்றது.

“அன்னைக்குத் தட்டுல ஃப்ளாஸ்க் வெக்க இடம் இல்ல” என்றார். “அப்ப பனி இறங்கலை. கரையைப் பார்த்துதான் ஓட்டிட்டிருந்தேன். இது எதுக்கு இங்க கிடக்குன்னு, நான்தான் இப்படித் தள்ளினேன்.”

“மச்சான், தட்டுல வெச்சது நான். வெக்கலைன்னா நீங்க தள்ளியிருப்பீங்களா? நான்னு எழுதறேன். விடுங்க.”

“காம்பஸ் பக்கத்துல இரும்பு கூடாது, காந்தம் கூடாதுன்னு லைசென்ஸ் வகுப்புல முதல் நாளே சொல்லித் தருவாங்க மாப்பிள்ளை. இந்தக் கையாலே காந்தத்தைத் தள்ளி வெச்சுட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் நீரோட்டம்னு கோடு போட்டுக் காட்டினேனே.” அவர் சிரிக்கப் பார்த்தார். “எல்லாரும் கேட்டாங்களே, பாவிங்க. ஒருத்தனாவது இல்லைன்னு சொல்லியிருக்கக் கூடாதா?”

“மனு ரெடியா இருக்குங்க. கையெழுத்துதான் பாக்கி” என்றாள் அவர் மனைவி. குரல் இறங்கிவிட்டது.

“என்னன்னு கொடுக்கறது? திரும்பவும் பதினாலு பேரை நம்பி ஏத்திவிடுன்னா?”

மேஜையில் இருந்த பழைய கோடுகளைச் சட்டைக் கையால் துடைத்தார். கொஞ்சம் அழிந்தது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். இஞ்சின்காரர் வாசற்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மச்சானின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இஞ்சின்காரர் ஒரு படகு நடையைக் குறைத்துக்கொண்டு துறைமுக அலுவலகத்துக்குத் தனியாகப் போனார். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் புரட்டிப் பார்த்தாள்.

“மனு எண் என்னங்க ஐயா?”

“மனு இல்லம்மா. நடந்ததை எழுதியிருக்கேன்.”

“சம்பந்தப்பட்டவரு கையெழுத்து போட்ட மனு வந்தா இதை அதோட சேர்த்து வெக்கலாம். வெறும் சாட்சியை மட்டும் நான் எந்த ஃபைல்ல வெக்கறது?”

“அவரு போட மாட்டேங்கறாரும்மா.”

“அப்ப நான் என்னங்க செய்ய முடியும்?” அவளுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். தாள்களை மடிப்புக் கலையாமல் அடியில் இருந்த சந்து வழியாகத் திருப்பித் தந்தாள். ஐந்து மணி ஆகும்வரை அவர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மச்சான் வரவில்லை.

வீட்டில் மனைவி அந்தத் தாள்களை வாங்கி, விளக்கடியில் நின்று கடைசி வரிவரை படித்தாள்.

“காம்பஸுக்கு ஒரு சாண் தள்ளி நான்தான் வைத்தேன்னு எழுதியிருக்கீங்க. நீங்க வெச்சது மூணு சாண் தள்ளித்தானே?”

“ஆமா.”

“பொய்யைக்கூட வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்களா?”

“மாட்டேன்னுட்டாங்க” என்றார் இஞ்சின்காரர்.