அம்மாவுக்கு ஒரு பாத்ரூம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு ஊரைச் சுற்றியிருந்த கரும்புக் கொல்லைகள் மனைகளாயின. மனைகளில் ஒரே அச்சில் வார்த்தது போல வீடுகள் எழும்பின. அதில் ஒன்றை நாங்களும் வாங்கினோம். ஹால், சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை. அந்தப் படுக்கையறைக்குள் பாத்ரூம். கட்டி விற்றவர் வீட்டைக் காட்டிய அன்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டு பாத்ரூம் கதவையே திறந்து திறந்து மூடினார். "அட்டாச்டு மேடம், அட்டாச்டு" என்றார். ஏதோ தன் சொத்தில் பாதியை எனக்கு எழுதி வைத்துவிட்டவர் போல.

அந்த அட்டாச்டு பாத்ரூமின் லட்சணம் குடியேறிய முதல் நாளே தெரிந்துவிட்டது. தண்ணீர் போகும் ஓட்டை ஒரு மூலையில் இருந்தது, தரையின் வாட்டம் எதிர் மூலைக்கு இருந்தது. குளித்துவிட்டு வந்தால் கதவோரம் குட்டை கட்டி நிற்கும். தரை டைல்ஸ் முகம் பார்க்கிற அளவுக்கு வழவழப்பு. குழாய் மூடினாலும் சொட்டும். காற்றாடிக்கு விட்ட ஓட்டையில் காற்றாடி இல்லை, சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் வேலை. எனக்குப் பள்ளிக்கூடத்தில். இரண்டு பேருக்கு இது போதும் என்று காலத்தை ஓட்டினோம்.

அம்மாவுக்கு மூட்டு போன பிறகுதான் நான் அந்தப் பாத்ரூமை உற்றுப் பார்த்தேன். சங்கராபுரம் தாண்டி கிராமத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள் அம்மா. அங்கே குளிக்க நாலு குச்சி நட்டுச் சுற்றிய தார்ப்பாய். கக்கூஸ் ஒன்று கட்டியிருந்தார்கள், அதில் உர மூட்டை அடுக்கியிருந்தது. அம்மாவால் குந்தி உட்கார முடியவில்லை. கொல்லைக்குப் போய்விட்டு எழுந்து வர ஒருவர் கை கொடுக்க வேண்டும். கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

"நான் வெச்சிக்கிறேன் அம்மாவ" என்றேன் அண்ணனிடம்.

"புள்ள நான் இருக்கும்போது பொண்ணு வூட்ல போய் உக்காந்துக்கினா ஊர்ல என்னிய இன்னா கேப்பாங்க?" என்றான். அம்மா எப்படி எழுந்திருக்கிறாள் என்று அவனை ஊரில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. கடைசியில், கால் தேறும் வரைக்கும் என்று இறங்கி வந்தான். நான் அந்த 'வரைக்கும்' எல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா வந்தால் திரும்பப் போகக் கூடாது, கடைசிவரை என்னோடுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரு பாத்ரூமுக்கெல்லாம் வர முடியாதும்மா, புது வீட்டு வேலையே தலைக்கு மேலே கிடக்குது என்றார். அப்போதுதான் நாங்களே செய்துவிடலாம் என்று துணிந்தோம். எல்லாவற்றுக்கும் கைப்பேசியில் வீடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்குவோம். வழவழ டைல்ஸின் மேலேயே சிமெண்ட் பரப்பி வாட்டத்தைத் திருப்பினோம். என் வீட்டுக்காரர் சரிவு பார்க்கிற ரசமட்டத்தை வைத்துவிட்டு அதன் குமிழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் பொறுமைசாலி, நான் அப்படி இல்லை. முதல் தடவை வாட்டம் பிசகியதும் அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினோம். சொட்டுகிற குழாயை மாற்றினோம். ஓட்டையிலிருந்த சாக்கைப் பிடுங்கிவிட்டு காற்றாடி வைத்தோம். அம்மா பிடித்து எழ, உட்கார்ந்து போகிற வெஸ்டர்ன் பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி. ஆணி தாங்குமா என்று நான் அதில் தொங்கியே பார்த்தேன்.

வேலை முடிந்த அன்று எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி மாளாது. பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பாத்ரூம் படத்தைக் காட்டினேன்.

அம்மா வந்தாள். கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில இருக்கிற மாதிரி இருக்குது" என்றாள். அது பாராட்டுதான். ஹாலில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தோம். முதல் வாரம் நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. காபி வேண்டாம் என்றாள். மோர் கொடுத்தால் அப்பால குடிக்கிறேன் என்று மூடி வைத்தாள். ஊர் மாறியதில் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை நாள் ஒன்றில் பாதி நாளிலேயே வீடு திரும்பினேன். நல்ல வெயில். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அம்மா ஹால் கட்டிலில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"மாப்ள எப்ப எழுந்திருப்பாரு?" என்றாள், குரலே இல்லாமல்.

எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பாத்ரூமுக்குப் போக மாப்பிள்ளை படுத்திருக்கிற அறையைத் தாண்ட வேண்டும். மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் உட்காராதவள், அவர் எதிரில் சத்தமாகத் தும்மக்கூட மாட்டாதவள், லுங்கியோடு அவர் தூங்குகிற கட்டிலை ஒட்டி நடந்து கக்கூஸுக்குப் போவாளா? குமிழைப் பார்த்து வாட்டம் பிடித்தோமே, இது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை. அவர் வேலைக்குப் போகும்வரை அம்மா அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காகத்தான் தண்ணீரைக் குறைத்திருக்கிறாள்.

கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே கூட்டிப்போனேன். வெளியே வந்ததும், "நாம வேதக்காரங்க தானே, இதெல்லாம் எந்த வேதத்துல எழுதி இருக்குது?" என்று கேட்டேன்.

"எழுதணுமாடி இத?" என்றாள்.

அன்றைக்கே நீர்க்கடுப்பு, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அறையை அம்மாவுக்கு விட்டுவிட்டு, தலையணையை எடுத்து வந்து ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். நல்ல மனுஷன். அவர் நல்ல மனுஷனாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. வேலை பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தன்னால் தரையில் படுக்கிறார் என்று அம்மா அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் அவன் வண்டியோடு வந்து நின்றான். "நான் அப்பவே சொன்னேன்" என்று வேறு சொன்னான்.

அம்மா அவனோடு போய்விட்டாள். நான் அதோடு விடவில்லை. பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். ஹால் பக்கம் ஒரு கதவு வைத்துவிட்டால் யார் அறையையும் யாரும் தாண்ட வேண்டாம். இதைக் கட்டும்போதே செய்திருக்கலாம். ஆனால் அட்டாச்டு என்று சொல்லி விற்றிருக்க முடியாது. சுத்தியும் உளியும் எடுத்து நானே இடிக்க ஆரம்பித்தேன். கைப்பிடி இருந்ததும் அதே சுவர்தான். அதைக் கழற்றும்போது மட்டும் அழுகை வந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஹால் முழுக்கக் கிடந்த செங்கல்லைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு சாக்கில் அள்ளத் தொடங்கினார். நிலை பதித்தோம், கதவு மாட்டினோம், கைப்பிடியைப் பேசினுக்கு மறுபக்கச் சுவரில் வைத்தோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டி வர பஸ் ஏறினேன். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புதுக் கதவைப் பற்றிச் சொன்னேன். கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள்.

"செவுத்த இடிச்சியா?"

"ஆமாம்மா. ஹால்லேருந்தே நேரா போலாம். நீ யாரையும் தாண்ட வேணாம்."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"அவருதாம்மா நிலையே வெச்சாரு."

அம்மா கையிலிருந்த கீரைக்காம்பைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"மாமியா ஒண்ணுக்குப் போவறதுக்காக மாப்ள தன் வூட்டுச் செவுத்த இடிச்சாரு. இத எல்லாரும் பேசுவாங்க. இதுக்கு மேல அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் சொல்லு. முன்னயாவது அவரு வேலைக்குப் போனா போவேன். இனிமே அந்தக் கதவப் பாத்தாலே எனக்கு உயிர் போயிடும்டி."

எவ்வளவு சொல்லியும் வரவில்லை. கெஞ்சினேன், திட்டினேன். சாப்பிட்டுட்டுப் போ என்றாள். எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைப் பக்கம் நடந்தாள். நான் எழுந்து பின்னாலேயே போனேன். நீ உக்காந்து சாப்புடு, நானே போய்க்கிறேன் என்றாள். தார்ப்பாய்க்குப் பின்னால் அவள் எழுந்திருக்க முயல்வதும், முடியாமல் மறுபடி உட்கார்வதும் கேட்டது. கூப்பிடுவாள் என்று சோற்றுக் கையோடு நின்றேன். கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, நின்றபடியே முழுவதும் குடித்தாள். அம்மா அங்கே நிம்மதியாகத்தான் இருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.