பார்த்தால் இலவசம், தட்டினால் பத்து

என் சகலைக்கு நான் ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய் பாக்கி வைத்திருந்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு அச்சகத்தில் தரை கூட்டி, மை துடைத்து, எழுத்துக் கோத்து, கடைசியில் அதே தெருவில் அதைவிடப் பெரிய அச்சகத்தைச் சொந்தமாக வைத்தவன் நான். பேங்குக் கடனில் ஒரு தவணை தவறினேன் என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவன் மனைவியின் தங்கை புருஷனிடம் மூன்று வாரம் முகம் கொடுக்காமல் திரிந்தேன் என்றால், காரணம் இருக்கும் அல்லவா? காரணம் வெறும் பத்து ரூபாய். அதைச் சொல்வதற்கு முன் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

என் சகலை முப்பத்தோரு வருடம் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். குடும்பத்தில் எல்லோரும் அவரை மீட்டர் என்றுதான் சொல்வோம், அவர் காதுபடவே. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். பட்டப்பகலில் பேப்பர் படித்தாலும் அதை அடித்துத்தான் படிப்பார். எண்ணைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம் கிடையாது. வயசு என்ன என்று கேட்டால் "ஆறு, மூணு" என்பார். மீட்டர் ஆட்களுக்கு அவர்கள் இலாகாவில் ஒரு விதி உண்டாம். பார்க்கலாம், எழுதலாம், குழாயைத் தொடக்கூடாது. தொடுவதற்கு வேறு ஆள், வேறு சம்பளம். இந்த விதி அவர் ரத்தத்தில் ஊறிப்போனது. என் மச்சினி, "அடுப்புல பால் பொங்குதுன்னு எழுதி வெப்பாரே ஒழிய இறக்க மாட்டாரு அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

அவர் ரிட்டயர் ஆவதற்கு மூன்று வருடம் முன்னால் இலாகாவில் நோட்டை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். காசு கொடுத்து வாங்குகிற விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ். மற்றவர்கள் அழகான படங்களை மவுஸால் குத்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்தக் கருப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்தார். டெர்மினல் என்பார்கள். ஒரு கட்டளை தட்டினால் பொட்டில் அடித்தாற்போல் ஒரு பதில். மீட்டர் மாதிரியே இருக்கிறது என்று அவருக்குக் காதல் வந்துவிட்டது.

நான் ஏலத்தில் ஆறு பழைய கம்ப்யூட்டர் எடுத்தேன். ஆறும் சேர்ந்து ஒரு புதுசின் விலை. என்னைப்போல் ஏலம் கேட்க ஆள் பிறக்க வேண்டும். ஆனால் ஆறுக்கும் லைசென்ஸ் வாங்கினால் வாங்கிய லாபம் போய்விடும். சகலையைக் கூப்பிட்டேன். ஆறிலும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். போட்டு முடித்ததும் நீளவாக்கு நோட்டு ஒன்றை எடுத்துத் தன் கட்டண விகிதத்தை எழுதி என் கையெழுத்து வாங்கினார். பார்க்கிற கட்டளை இலவசம். மாற்றுகிற கட்டளைக்குப் பத்து. முன்னால் சுடோ சேர்த்துத் தட்டினால் இருபது, ஏனென்றால் அது நிர்வாகி அதிகாரம், அதில் கை தவறினால் மெஷினே போய்விடும், பொறுப்பு அதிகம்.

சொந்தத்துக்குள் இப்படி ஒரு கணக்கா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் இதனால் எனக்கு நன்மைதான். இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் கற்றுக்கொண்டேன். எல்எஸ் தட்டினால் ஒரு ஃபோல்டரில், அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், என்னென்ன கோப்பு இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். டாப் தட்டினால் எந்த புரோகிராம் மெஷினைத் தின்றுகொண்டிருக்கிறது என்று தெரியும். பாதிப் பெயர் தட்டி டேப் விசையை அமுக்கினால் மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எம்.ஏ. படித்த பக்கத்துக் கடைக்காரருக்கு இன்றைக்கும் டேப் எதற்கென்று தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கருப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று புதுசு வாங்கினேன். அதிலும் விழவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவது வாங்கும்போது கடைக்காரரிடம் சண்டையே போட்டேன். சகலை வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "விழுந்துகிட்டுதான் இருக்கு சகலை. அது வெளியில காட்டாது. தட்டிட்டு எண்டர் போடுங்க" என்றார். பார்த்ததோடு சரி என்பதால் கட்டணம் இல்லை. மூன்று கீபோர்டும் இன்னும் பரணில் இருக்கின்றன. தேவைப்பட்டால் வந்து வாங்கிக்கொள்ளலாம், புதுசு போலவே இருக்கும்.

இப்போது அந்தப் பத்துக்கு வருகிறேன். ஒரு நாள் மெஷினுக்குள் பின்னணியில் ஓடுகிற ஏதோ சர்வீஸை நிறுத்த ஒரு நீளக் கட்டளை தட்டினார். அனுமதி இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. சுடோ போட மறந்துவிட்டார். மறுபடி சுடோ என்று தட்டிப் பக்கத்தில் இரண்டு ஆச்சரியக்குறி போட்டார். முந்தின கட்டளையையே அதிகாரத்தோடு திரும்ப ஓட்டுவதற்கு அப்படி ஒரு குறுக்குவழி இருக்கிறது, நல்ல வழி. வேலை முடிந்தது. நோட்டைப் பார்த்தால் நடக்காத முதல் கட்டளைக்குப் பத்து, நடந்ததற்கு இருபது என்று இருந்தது. நடக்காத வேலைக்கு எதற்கு என்று கேட்டேன். விரல் நடந்ததே என்றார். பிழையாக அச்சடித்துவிட்டு மைக்கும் சேர்த்து பில் போட்டால் வாடிக்கையாளர் என்னைச் சும்மா விடுவாரா என்றேன். அச்சகம் வேறு, வாரியம் வேறு என்றார். அந்தப் பத்தைக் கோடு போட்டு அடிக்கும்வரை மொத்தப் பாக்கியில் ஒரு காசு தரமாட்டேன் என்று நானும், பாக்கி தீரும்வரை ஒரு விசையைத் தொடமாட்டேன் என்று அவரும் பிரிந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் கையேடு, தொண்ணூற்றாறு பக்கம், முந்நூறு பிரதி. மாலை நான்கு மணிப் பொதுக்கூட்டத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டுமில்லை, இனி வருடாவருடம் அந்த வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும். எதிர்க்கடைக்காரன் ஒரு காலத்தில் என்னிடம் காகிதம் எண்ணியவன். அவனிடம் தோற்பதைவிட நான் கடையை மூடிவிடுவேன். பதினொன்றுக்குள் அச்சை ஆரம்பித்தால்தான் நேரம் சரியாக இருக்கும்.

ஒன்பது மணிக்கு முதல் மெஷினில் பாஸ்வேர்டு போட்டேன். திரை ஒரு கண் சிமிட்டிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. ஏழு தடவை போட்டேன், ஏழு தடவையும் சிமிட்டியது. தப்பான பாஸ்வேர்டு என்றும் சொல்லவில்லை, உள்ளேயும் விடவில்லை. கையேடு இருந்தது அந்த மெஷினுக்குள் மட்டும்தான். வேறு மெஷினில் ஒரு நகல் வையுங்கள் என்று சகலை எப்போதோ சொல்லியிருந்தார். ஆனால் நகல் எடுப்பதும் மாற்றுகிற கட்டளை என்று பத்து கேட்டதால் நான் அதை அவ்வளவு அவசரமாகக் கருதவில்லை.

என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கைக்குப் போன் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் மீட்டர் வாசலில் நின்றார், கையில் டார்ச், கக்கத்தில் நோட்டு. என் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்து, பார்ப்பது இலவசம் என்றார்.

உட்கார்ந்தார். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று, மூன்றையும் ஒன்றாக அமுக்கினார். அழகு ஜோடனை எல்லாம் மறைந்து கருப்புத் திரை வந்தது. முன்வாசல் பூட்டிக்கொண்டால் கொல்லைவாசல், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டது. டிஎஃப், ஒரு சிறு கோடு, எச் என்று தட்டினார். டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மனுஷனுக்குப் புரிகிற கணக்கில் சொல்லும் கட்டளை.

"ஒண்ணு, பூஜ்யம், பூஜ்யம்" என்று படித்தார். நூறு சதவீதம். ஒரு ஊசி குத்த இடமில்லை. அழகுத் திரை உள்ளே விடாததற்கு அதுதான் காரணம், உள்ளே வந்தால் ஒரு சின்னக் கோப்பு எழுத வேண்டும், அதற்கே இடமில்லை.

எது அடைத்துக்கொண்டிருக்கிறது? டியூ தட்டி ஒவ்வொரு அறையாக எடை போட்டார். ஓர் இடத்தில் ஒரே ஒரு கோப்பு, ஐம்பத்திரண்டு ஜிபி. மெஷின் தனக்கு நடப்பதை எல்லாம் எழுதி வைக்கும் பதிவுக் கோப்பு அது. டெயில் தட்டி அதன் கடைசிப் பத்து வரியைப் படித்தார். பத்து வரியும் ஒரே வரி. இரண்டாவது பிரின்டரைக் காணோம். இரண்டாவது பிரின்டரைக் காணோம். இரண்டாவது பிரின்டரைக் காணோம்.

கரண்ட் பில் ஏறுகிறது என்று நான்கு மாதம் முன்னால் அந்தப் பிரின்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்தவன் நான்தான். அன்றிலிருந்து மெஷின் ஒரு விநாடி விடாமல் என்னைத் திட்டி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

"நானும் முப்பத்தஞ்சு வருஷமா இதே மாதிரி ஒரே விஷயத்தைச் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் என் மனைவி. "உங்களுக்குத்தான் இன்னும் நெரம்பல."

சகலை கையை விசைகளிலிருந்து தூக்கிக்கொண்டார். இனிமேல் மாற்றுகிற கட்டளை.  நோட்டைத் திறந்து என் பக்கம் வைத்தார். என்னிடம் இருந்த காசெல்லாம் முந்தின நாள் காகிதம் வாங்கியதில் போயிருந்தது. மனைவி குறுக்கே வந்து, சாயங்காலம் சங்கத்துப் பணம் வந்ததும் நான் வாங்கித் தருகிறேன், நான் ஜாமீன் என்றாள். அவள் ஜாமீன் என்றால் பேங்கே ஒப்புக்கொள்ளும். சகலை தலையாட்டினார்.

அழிப்பதற்கு முன் எல்எஸ் தட்டி அதே பெயர்தானா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சுடோ, ஆர்எம், கோப்பின் பெயர், எண்டர். கோப்பு போனது. நான் எழுந்து கையைத் தட்டினேன். அவர் மறுபடி டிஎஃப் தட்டினார்.

ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.

இரண்டாம் தடவையும் அதே. மணி பத்தே முக்கால். சகலை எல்எஸ் தட்டித் தேடினார். கோப்பு இல்லை, ஆனால் அது அடைத்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பத்தோரு வருடத்தில் எந்த மீட்டரும் தன்னிடம் பொய் சொன்னதே இல்லை என்றார். 

நான் திரையைப் பார்க்கவில்லை, நான் வளர்ந்த அச்சகத்தை நினைத்தேன். அங்கே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். முதலாளி ஒரு பேரேடு இனி வேண்டாம் என்று பட்டியலிலிருந்து அடித்தாலும், நோட்டு அவர் மடியில் இருக்கும், ஆளை இடத்தைவிட்டு எழுப்பும்வரை எழுதிக்கொண்டே இருப்பார்.

"சகலை, எழுதுறவன் இன்னும் நோட்டை விடலை" என்றேன். "கோப்பை அழிச்சீங்க. எழுதுறவனை எழுப்பினீங்களா?"

அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். என் அச்சகத்தில் முதல் தடவையாக டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி, பதிவு எழுதுகிற சர்வீஸின் பெயரைப் போட்டு, சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் தட்டினார். எழுதுகிறவனை எழுப்பி, பழைய நோட்டைக் கீழே போடவைத்து, புது நோட்டோடு உட்காரவைக்கிற கட்டளை. டிஎஃப்.

"மூணு, ஒண்ணு" என்றார். முப்பத்தொரு சதவீதம். நான் போய் இரண்டாவது பிரின்டரின் பிளக்கைச் சொருகினேன். இரண்டு பிரின்டரும் சேர்ந்து ஓடியதில் நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே முந்நூறும் கட்டி முடிந்தது. படித்தவர்கள் செய்திருந்தால் ஆறு ஆகியிருக்கும்.

கூட்டம் முடிந்து சங்கச் செயலாளர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனதும் சகலை நோட்டைத் திறந்தார். அன்றைய கணக்கில் ஆர்எம், இருபது என்று எழுதினார். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தார். வேலை நடக்கவில்லையே என்று தானே அதை அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். அவரே மூன்று வாரம் பின்னால் பக்கம் புரட்டி, நடக்காத அந்தப் பழைய பத்தையும் கோடு போட்டு அடித்தார். ரீஸ்டார்ட்டுக்கு இருபது வர வேண்டும், ஆனால் யோசனை உங்களது, விரல் மட்டும்தான் என்னது, ஆகையால் பாதி என்று பத்து எழுதினார்.

கூட்டினார். பத்து போய், பத்து வந்து, மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று அறுபது.

நானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன், அதேதான். என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். சகலை டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வலது கையை விரித்து நீட்டினார். நான் நோட்டு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைத்தேன், அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார், கடைசிப் பத்து விழுந்தபோது "ஒண்ணு, எட்டு, ஆறு, பூஜ்யம்" என்றார்.