கழற்றச் சொன்ன பெல்ட்

என் கணவரின் அண்ணனுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. கொழும்பில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு ஜவுளிக்கடை நடத்தினார்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் மனைவியை இழந்தவர். நான் பொங்கிய சோற்றைத் தின்றுகொண்டே, கல் கிடக்கிறது என்பார். எழுத்துப் படித்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று, அடுத்த அறையில் இருக்கும் எனக்குக் கேட்கும்படி தம்பியிடம் சொல்லுவார். என்னிடம் நேராகப் பேச மாட்டார்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஐப்பசியில் ஊரிலிருந்து தந்தி வந்தது. மாமியாருக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, உடனே புறப்படவும் என்று. எங்கள் ஊர் பந்தல்குடியிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இருக்கிறது. கப்பலும் ரயிலுமாகப் போய்ச் சேர நாளாகும் என்பதால் திருச்சி வரை விமானத்தில் போக முடிவு செய்தார்கள். கடையை விட்டு என் கணவரால் வர முடியாது.

"ஆத்தாவுக்குப் பண்டுவம் பாக்க ஆளு வேணும். ஒம்பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன். இங்கன சும்மாதான இருக்கா" என்றார் அண்ணன்.

விமானத்தில் இருபது பேர் இருந்தோம். எனக்கு ஜன்னலோரம், அவருக்குப் பக்கத்து இருக்கை. காதில் வைக்கப் பஞ்சும் வாயில் போடப் பெப்பர்மிண்ட்டும் ஒரு பணியாள் கொடுத்துக்கொண்டே வந்தான். இருக்கையின் இரண்டு பக்கமும் தொங்கிய பட்டையை எடுத்து, இதுதான் பெல்ட், இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றான். எனக்கு மாட்டத் தெரியவில்லை. காட்டிக்கொடுக்கக் குனிந்தான்.

"ஏய், கைய எடு! பொம்பள இடுப்புல கை வைக்கிறியா?" என்று அண்ணன் கத்தினார். விமானமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பணியாளின் முகம் சுண்டிவிட்டது. "வழியில மேகம் கூடியிருக்கு ஐயா. தூக்கிப் போடும். நீங்களும் கழட்டாம இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நானே தடவித் தடவிக் கொக்கியை மாட்டி, தொடை அழுந்த இறுக்கிக்கொண்டேன்.

மேலே ஏறியதும் அண்ணன் தன் பெல்ட்டை அவிழ்த்து எறிந்தார். பிறகு என் மடியைப் பார்த்தார். அன்றுதான் முதன்முதலாக என்னிடம் நேராகப் பேசினார்.

"அதக் கழட்டு."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"காது கேக்கல? எவனோ ஒருத்தன் சொன்னா மாட்டிக்கிருவ. நான் சொன்னாக் கழட்ட மாட்ட, அப்படித்தான?"

நான் கழற்றவில்லை. பயந்து கழற்றாமல் இருந்தேன் என்று இப்போது சொன்னால் பொய். அவர் சொன்னார் என்பதற்காகவே கழற்றவில்லை.

கடலைத் தாண்டுகிற சமயம் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் கறுத்தது. கட்டை வண்டி கல்லில் ஏறுவதுபோல நாலைந்து தரம் குலுங்கியது. பின்னால் யாரோ வாந்தி எடுத்தார்கள். அடுத்த நொடி கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று. விமானம் அப்படியே விழுந்தது. பெல்ட் என் தொடையை அறுத்துப் பிடித்தது. விமானம் விழுந்தது, அவர் விழவில்லை. இருந்த இடத்திலிருந்து மேலே போனார். தலை கூரையில் மோதிய சத்தம் இரைச்சலையும் மீறிக் கேட்டது. திரும்ப விமானம் தூக்கியபோது அவர் உடம்பு மொத்தமும் என் இடது கையின் மேல் வந்து விழுந்தது. எலும்பு முறிந்ததை வலிக்கு முன்னால் காதால்தான் கேட்டேன்.

அவர் நெற்றி பிளந்து என் புடவையெல்லாம் ரத்தம். அந்தப் பணியாள் தவழ்ந்து வந்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, அவர் இடுப்பில் பெல்ட்டை மாட்டினான். இந்தத் தடவை அவர் கையை எடுக்கச் சொல்லவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் அவருக்குத் தையல் போட்டார்கள். என் கையை மாவுக்கட்டில் வைக்க ஒரு நாள் தங்கச் சொன்னார் டாக்டர். "எங்க ஆத்தா சாகக் கெடக்கா. இதுக்கெல்லாம் நேரமில்ல" என்று சொல்லி, ஒரு பலகையும் துணியும் சுற்றிக் கூட்டி வந்துவிட்டார். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கரி எரித்து ஓட்டுகிற பஸ். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தேன். பாளையம்பட்டியில் நாட்டு வைத்தியரிடம் இறங்கி, முட்டையும் உளுந்தும் அரைத்துப் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினோம். கை கோணலாகத்தான் கூடியது.

மாமியார் எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அண்ணன் கட்டுப் போட்ட தலையோடு நடுவில் உட்கார்ந்து கதை சொன்னார்.

"கட்டாதேன்னு சொன்னேன், கேக்கல. மாட்டக் கட்டுனாப்புல கட்டிக்கிட்டா. பட்டையில மாட்டிக் கை ஒடிஞ்சு போச்சு. கட்டாத எனக்கு நெத்தியில ஒரு கீறல்தான்."

எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். என் மகன் தப்பித்ததே புண்ணியம் என்றாள் மாமியார். நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"பட்டையில ஒடியல. பெல்ட்டக் கழட்டிட்டு இருந்தாக. மேல போயி முட்டி, என் கைமேல விழுந்தாக. அதுலதான் ஒடிஞ்சது" என்றேன்.

மாமியார் சொன்னாள்: "பத்திரமாக் கூட்டிட்டு வந்தவன் மேலயே பழி போடுறா பாரு. இவ எனக்குப் பண்டுவம் பாக்க வேணாம்." அன்று மாலையே என் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்கழியில் என் கணவர் வந்தார். கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அத்தன பேரு முன்னால அண்ணன அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார்.

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"அப்ப அவுகளையும் அத்தன பேரு முன்னால நெசத்தச் சொல்லச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவுக இருக்குற வீட்டுக்கு வர மாட்டேன்."

அண்ணன் சொல்லவில்லை. என் கணவர் கேட்கவுமில்லை. பங்குனியில் கொழும்பில் தனியாக ஒரு வீடு பிடித்துவிட்டுக் கடிதம் போட்டார். போனேன். மீண்டும் விமானம்தான். என் பெல்ட்டை இறுக்கியபின், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் மடியைப் பார்த்தேன். வெறுமனே இருந்தது. "கட்டுங்க ஐயா. நீங்க விழுந்தா என் மேலதான் விழுவீக" என்றேன். முறைத்துக்கொண்டே கட்டினார்.

தனி வீட்டுக்கு அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தார், கடைச் சாவி கேட்டு. தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை நான். அதற்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.