ஆறு கஜம் பின்லாந்து

1974-இல் சிட்னியில் எஞ்சினியராக இருந்த வரதராஜன் கல்யாண நாளை மறந்துபோனார். மனைவி வைதேகி பதினோரு நாளாக அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேளைக்குச் சோறு வந்தது. அதுவும் அவரை முறைத்தது.

தாங்க முடியாமல், பின்லாந்து சாமான்கள் விற்கும் கடைக்குப் போனார். தாம்பாளம் அளவுக்குச் சிவப்புப் பூக்கள் போட்ட துணி ஒன்று அவரைக் கட்டிப்போட்டது. பெண்ணுக்குப் பரிசு என்றால் அவருக்குத் தெரிந்தது புடவைதான்.

"ஆறு கஜம் கொடுங்கள்."

"எத்தனை ஜன்னலுக்கு?" என்றாள் கடைக்காரி.

"ஒரு மனைவிக்கு."

வைதேகி வாய் திறக்காமல் அதையே ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கட்டிக்கொண்டாள். கெட்டித் துணி, கொசுவம் மடியாமல் கூடாரம் போல விறைத்து நின்றது. காரில் பின்சீட்டு முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று.

விருந்தில் மேனேஜரின் மனைவி முந்தானையைத் தடவிப் பார்த்தாள். "எவ்வளவு அழகு. உன் கணவர் வாங்கினாரா?"

வைதேகி புன்னகையோடு தலையாட்டினாள். பிறகு, புன்னகை மாறாமல் கணவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"சிரிச்சுண்டே நில்லுங்கோ. ஜன்னல் துணியைச் சுத்திண்டு நிக்கறேன். மிச்சத்தை ஆத்துல போய் வச்சுக்கறேன்."

பேசிவிட்டாள். வரதராஜனுக்குக் கண்கள் நிறைந்து வழிந்தன. மிச்சத்தையும் கேட்டுவிடும் ஆசையில், விருந்து முடியுமுன்பே காரை எடுத்துவிட்டார்.