மழைக்குள் வயர் பிடித்தவர்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். கதை கட்டுகிற ஆள் நானில்லை. போன மாசியில் எனக்கும் என் நாலு வயது மகள் யதுர்ஷிகாவுக்கும் நடந்தது இது.

நாங்கள் முரசுமோட்டை. பூநகரிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த வயலில் நெல் வெட்டு. உழவு இயந்திரம் இழுக்கிற இரும்புப் பெட்டிக்குத் தறப்பாள் கட்டி, அதற்குள்ளேயே நாலு நாளாகத் தங்கியிருந்தோம். வயலோரத்து வீட்டு இராசேஸ்வரி அக்காவிடம் கேட்டுக் கரண்ட் எடுத்தோம். ஒரு வயர் எட்டவில்லை. என் கணவர் செந்தூரன் இரண்டு வயரை இணைத்து, இணைப்பில் சொப்பிங் பையைச் சுற்றி, நடுவழியில் ஒரு தடியில் தொங்கவிட்டார். பையின் வாயை மேல்நோக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் உள்ளே நிறையும், கீழ்நோக்கிக் கட்டுங்கள் என்றேன். மாசியில் என்ன மழை என்று சிரித்தார். சொன்னால் கேட்கிற மனுசனா அவர்?

அன்று மாலை 5.50. மழை தொடங்கியது. செந்தூரன் டீசலுக்குப் போயிருந்தார், கைபேசியும் அவரோடு; நேரம் பார்க்க என் கைக்கடிகாரம் மட்டும். இருட்டிக்கொண்டு வர, பல்பைப் போட்டேன். 6.15க்குத் தடி சரிந்தது. இணைப்பு வயலில் தேங்கிய வெள்ளத்துக்குள் விழுந்தது.

பல்ப் அணையவில்லை.

அப்படியென்றால் தண்ணீரிலும் கரண்ட் இருக்கும். பெட்டியோ இரும்பு. இறங்கவும் பயம், பெட்டியைத் தொடவும் பயம். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு நெல் மூட்டைமேல் குந்தியிருந்தேன். அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது.

6.40. இணைப்பு விழுந்த இடத்தில் ஒருவர் நின்றார். இடுப்பில் சாரம், வெறும் மேல். இரண்டு கையாலும் வயரைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தார். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இஞ்சேரப்பா, இதைக் கொஞ்சம் பிடியும். கை நோகுது."

மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி. மெல்லிய குரல். அவ்வளவு மழையிலும் காதுக்குள் கேட்டது...

நான் அசையவில்லை.

6.55. கிட்ட நின்றார். நடந்து வந்ததை நான் காணவில்லை. தண்ணீரில் ஒரு சத்தமும் இல்லை...

7.05. பெட்டியின் பின்பக்கம்.

"கொஞ்சம் பிடியும்..."

மகள் வயரைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

இழுத்தேன். பிள்ளை வரவில்லை.

இழுத்தேன்...

டப்.

பல்ப் அணைந்தது. பிள்ளை என்மேல் விழுந்தாள். இருட்டில் மழை மட்டும்.

7.20க்குச் செந்தூரன் வந்தார். தண்ணியில் கரண்ட், இறங்க வேண்டாம் என்று கத்தினேன். அவர் ரோட்டால் சுற்றிப் போய் அக்காவைக் கூட்டிவந்தார். நடந்ததைச் சொன்னேன். அக்கா குடைக்குள் நின்று, இணைப்பு விழுந்த இடத்தைக் கையால் காட்டினார்.

"போன மாரிக்கு என்ர மனுசன் உந்த இடத்திலதான் கரண்ட் அடிச்சுச் செத்துப் போனவர். வயரைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டவர். நான் அடுப்படியில நிண்டிட்டன். அதுக்குப் பிறகு எனக்கு மழையெண்டால் பயம் பிள்ளை. இண்டைக்கும் முதல் தூறலோடயே உங்கட பிளக்கைக் கழட்டிப் போட்டனான்."

எங்கள் பல்ப் 7.05 வரைக்கும் எரிந்தது.